இரண்டாவது கேள்வி



சமூக நீதியில் நம்பிக்கை உண்டா என்று ஒரு கல்லூரி மாணவரைக் கேட்டுப் பாருங்கள். உண்டு என்றுதான் சொல்வார். செப்டம்பர் 17ஆம் தேதி சமூக நீதி நாள் உறுதிமொழி எடுக்கிற தலைமுறை இது. அந்தப் பதில் பொய்யல்ல. ஆனால் அதை மட்டும் வைத்து மனத்தை அளக்க முடியாது.

2011-12இல் நாடெங்கும் நடந்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வில், வீட்டில் யாராவது தீண்டாமை பார்ப்பதுண்டா என்று முதலில் கேட்டார்கள். இல்லை என்றவர்களை அதோடு விடவில்லை. பட்டியல் சாதிக்காரர் உங்கள் சமையற்கட்டுக்குள் வரலாமா, உங்கள் பாத்திரத்தைப் புழங்கலாமா என்று அடுத்த கேள்வியைப் போட்டார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், சுமார் 27 சதவீத வீடுகளில் தீண்டாமை இருந்தது.

2012இல் அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட சமூக நீதி அளவுகோலில் 24 வாசகங்கள் உண்டு. நம்பிக்கை அதில் ஒரு பகுதிதான். என்னால் முடியுமா, நான் செய்வேனா, என்னைச் சுற்றி இருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பவையும் அதில் வருகின்றன. நம் கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சுற்றி இருப்பவர்கள்தான் பெரிய விஷயம். வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்காரும் இருவர், பஸ்ஸைவிட்டு இறங்கியதும் ஒருவர் ஊர்த்தெருவுக்கும் மற்றவர் காலனிக்கும் பிரிந்து போகிறார்கள். "வீட்டுக்கு வாடா, சாப்பிட்டுப் போகலாம்" என்று கூப்பிட முடிகிறதா? அதைக் கேட்காத வினாத்தாள் எதற்கு?

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், ஊரின் பழம்பெருமையை வைத்து இன்னொரு கேள்வியும் கேட்கலாம். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு எடுக்கும் குடவோலைத் தேர்தலின் விதிகளை அங்கே சொல்கின்றன. பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் நிற்கக் கூடாது. இன்றைக்கும் வேண்டிய விதி! ஆனால் அது பிராமணர்களின் சபை. பெயரை ஓலையில் எழுத, வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி எல்லாம் வேண்டும். குடவோலை நமக்குப் பெருமையா என்றால் எல்லோரும் ஆம் என்பார்கள். எனக்கும் பெருமைதான். இரண்டாவது கேள்வி இது: அந்தக் குடத்தில் உன் முப்பாட்டன் பெயர் விழுந்திருக்குமா, முப்பாட்டி பெயர்? இதற்கு ஒரு மாணவி எழுதும் நாலு வரி, கட்டத்தில் போடும் டிக்கைவிட நமக்கு அதிகம் சொல்லும்.

கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கருத்துக்கணிப்பு எடுக்கும்போது பெயரும் பதிவு எண்ணும் கேட்காதீர்கள். இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். வந்த முடிவை அலமாரியில் பூட்டாமல், பதில் எழுதிய பிள்ளைகளிடமே வாசித்துக் காட்டுங்கள்.