ஊசி பயமும் அதற்கான பயிற்சியும்

(டிரஸ்ட்டின் மருத்துவ உதவிக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



மருத்துவ உதவி கேட்டு வருகிறவர்களிடம் ஒன்றைப் பார்க்கிறோம். சர்க்கரை கூடிப்போய் டாக்டர் இன்சுலின் எழுதியிருப்பார். இவர் மாத்திரையிலேயே மாதக்கணக்கில் தள்ளியிருப்பார். கேட்டால் செலவு என்பார். இன்னும் கொஞ்சம் பேசினால்தான் தெரியும், ஊசிக்குப் பயம். ஆண்பிள்ளை இதைச் சொல்ல வெட்கப்படுகிறார். பணம் கொடுத்து இந்தத் தடையை நீக்க முடியாது. அதனால்தான் இன்று இதைப் பேசுகிறேன்.

நாயையோ உயரத்தையோ கண்டு பயப்படுகிறவருக்கு நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும். மயங்கி விழுவது அபூர்வம். ரத்தம், ஊசி என்றால் பலருக்கு அழுத்தம் முதலில் ஏறி, பிறகு சட்டென்று இறங்கிவிடுகிறது. மூளைக்குப் போகும் ரத்தம் குறைகிறது, மயக்கம் வருகிறது. வாப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் இருக்கக்கூடும். இதைக் கோழைத்தனம் என்று கேலி செய்வது அறியாமை.

ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1980களில் இதற்கென்றே ஒரு பயிற்சியை வகுத்தார். உட்கார்ந்தபடி கை, கால், வயிற்றுத் தசைகளை இறுக்க வேண்டும். முகத்தில் சூடு ஏறுவது தெரியும் வரை, சுமார் 10 முதல் 15 விநாடி. பிறகு சாதாரண நிலைக்கு வந்து 20, 30 விநாடி இருக்க வேண்டும். இப்படி ஐந்து முறை. தசை இறுகும்போது ரத்த அழுத்தம் கீழே போகாமல் நிற்கிறது. "உடம்பைத் தளர விடு" என்று நாம் நல்லெண்ணத்தில் சொல்வது இவர்களுக்கு எதிராகப் போய்விடும்! ஊசி போடும் கையை மட்டும் தளர்வாக விட வேண்டும். ரத்தக்கொதிப்பு, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டே செய்யவேண்டும்.

இத்தோடு பயத்தைப் படிப்படியாகச் சந்திக்கவும் வேண்டும். இது பழைய முறை. 1924-லேயே அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அம்மையார், முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி எழுதினார். அவன் விரும்பிச் சாப்பிடும் நேரத்தில் முயலைத் தூரத்தில் வைத்து, மெல்ல மெல்லக் கிட்டக் கொண்டுவந்தார்கள். கடைசியில் அவனே அதைத் தடவிக் கொடுத்தான். இன்சுலினுக்கும் அப்படியே. முதலில் ஊசியின் படம். பிறகு உறை பிரிக்காத ஊசி மேசையில். பிறகு கையில். பிறகு அடுத்தவருக்குப் போடுவதைப் பார்ப்பது. ஒவ்வொரு படியிலும் பயம் தணிகிற வரை அங்கேயே இருக்கவேண்டும். பாதியில் எழுந்து ஓடினால், ஓடியதால்தான் தப்பித்தோம் என்று மனசு பாடம் படித்துக்கொள்ளும்.

"சேட்டை பண்ணினால் ஊசி போடச் சொல்வேன்" என்று பிள்ளைகளை மிரட்டுகிற தாய்மார்கள் அதை இன்றோடு விடுங்கள். "வலிக்கவே வலிக்காது" என்பதும் வேண்டாம். கொஞ்சம் வலிக்கும் என்றே சொல்லுங்கள்.

ஓதிப் பார்த்தால் போதாதா என்று கேட்கிறார்கள். ஓதுங்கள், பயிற்சியையும் செய்யுங்கள்.

பயம் முற்றியவர்கள் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகலாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் கட்டணமில்லாமல், தமிழிலேயே, எந்த நேரமும் பேசலாம். நமது அடுத்த ரத்தப் பரிசோதனை முகாமில் படுத்துக்கொண்டே ரத்தம் கொடுக்க ஒரு கட்டில் போடுகிறோம். மயக்கம் வருகிறவர்கள் பெயர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். பெண்களுக்குத் தனி இடம் உண்டு.