ஆற்றிலே இறங்கிய நஞ்சு



ஆற்றை அன்னை என்பர். அன்னையின் பாலிலே நஞ்சு கலந்தவன் எவன் என்று கேட்கமட்டும் அஞ்சுவர்!

ஜப்பானிலே ஜின்சூ ஆறு. மேலே மிட்சுயி நிறுவனத்தின் காமியோகா சுரங்கம். கீழே உழவர்தம் நெல்வயல். சுரங்கக் கழிவின் காட்மியம் ஆற்றுக்கு வந்தது. ஆற்றிலிருந்து வயலுக்கு, வயலிலிருந்து சோற்றுக்கு! சிறுநீரகம் கெட்டது, எலும்பு முறிந்தது. "இதாய், இதாய்" — வலிக்கிறதே, வலிக்கிறதே — என்று தாய்மார் கதறினர். அக்கதறலே நோய்க்குப் பெயராயிற்று!

விதியென்று முடங்கினரா? இல்லை! 1968இல் வழக்குத் தொடுத்தனர், 1971இல் வென்றனர், 1972இல் மேல்முறையீட்டிலும் வென்றனர். இழப்பீடு மட்டுமா? சுரங்கத்துள் நுழைந்து சோதிக்கும் உரிமையும் பெற்றனர்! நஞ்சேறிய வயல்களைச் சீராக்கும் பணியோ 2012இல்தான் முடிந்தது.

ஆற்றுக்கு வாயில்லை, கரையில் வாழ்வோர்க்கு உண்டு. பேசுவோம்!