செவி மங்கியோரும் நம் சஃப்புகளும்



இளமையில் சங்கு குளித்த பெரியவர் ஒருவர், சில மாதங்களாக ஜும்ஆவில் முன் சஃப்பை விட்டு வெளித்திண்ணையில் அமரலானார். காது கேளாதவர் ஆயிற்றே என்று நாமும் ஒலிபெருக்கியைக் கூட்டி வைத்தோம். பிறகே அறிந்தோம், அவரை வெளியேற்றியதே அந்த ஒலிபெருக்கிதான்!

கேட்காதவருக்குச் சத்தம் எவ்வாறு வலிக்கும்? உட்செவியின் நுண்ணிய மயிர்செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. அந்நிலையில் மெல்லிய ஒலி செவியில் விழாது. சற்றே உயர்ந்த ஒலியோ திடுமெனத் தாக்கும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. சளியடைத்த நிலையில் மூழ்கினால் செவிப்பறை கிழியும், உட்செவியும் பழுதாவதுண்டு. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றது, சங்குகுளிப்பு நிற்கவில்லை.

துறைமுகத்திலும் அனல்மின் நிலையத்திலும் இயந்திரங்களருகே உழைக்கும் நம் பிள்ளைகளும் கவனிக்க: நாள்தோறும் 8 மணி நேரம் 85 டெசிபலுக்கு மேற்பட்ட இரைச்சல் செவியைக் கெடுக்கும். காதடைப்பான் அணிய வெட்கம் எதற்கு?

குரலைத் தாழ்த்துமாறு லுக்மான் ஹகீம் தம் மகனுக்கு உபதேசித்ததை மிம்பரில் பலமுறை நாமே ஓதியிருக்கிறோம்; நம் ஒலிபெருக்கியை மட்டும் மறந்துவிட்டோம்.

இனி உள்ளே ஒலி குறைக்கப்படும். இத்தகையோரிடம் காதருகே கத்தாதீர்கள். முகத்துக்கு நேராக நின்று, நிதானமாகப் பேசுங்கள். பயானின் சாரத்தை முந்திய நாளே எழுதிக் கொடுக்கிறோம். சென்ற வெள்ளியன்று பெரியவர் முன் சஃப்புக்குத் திரும்பினார். இடப்புற ஒலிபெருக்கி இன்னும் இரைகிறது. பழுது பார்க்க ஆள் சொல்லியிருக்கிறோம்.