வண்டி நம்பர் எப்ப தெரியும்?

போன எபிசோடுல டிரான்ஸ்போர்ட் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர்னா என்னன்னு பொதுவா பேசினோம். லோடு, வண்டி, ரூட், வாடகை, பில், எல்லாம் ஒரே இடத்துல. கேட்டவங்கள்ல ரெண்டு பேரு ஒரே கேள்விய அனுப்பியிருந்தாங்க: "சாஃப்ட்வேருக்கு ஏத்த மாதிரி கம்பெனி மாறணுமா, கம்பெனிக்கு ஏத்த மாதிரி சாஃப்ட்வேர் மாறணுமா?" இதுக்கு நான் படிச்சதை வெச்சு பதில் சொல்றதைவிட, நான் செஞ்ச ஒரு தப்பை வெச்சுச் சொல்றேன்.

எங்க ஊரு வடமதுரை. திண்டுக்கல்–திருச்சி நாலுவழிச் சாலையில வந்தவங்களுக்குத் தெரியும், இந்தப் பக்கமும் வேடசந்தூர் பக்கமும் ஸ்பின்னிங் மில்லுங்க வரிசையா இருக்கும். அதுல ஒரு மில்லுக்கு (பேரு வேண்டாம்) நாங்க நாலு பேரு சேர்ந்து இந்த சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுத்தோம். நூல் மூட்டைங்க திருப்பூருக்குப் போகும், மகாராஷ்டிராவுல இச்சல்கரஞ்சிக்குப் போகும், ஏற்றுமதின்னா தூத்துக்குடி துறைமுகம்.

டிஸ்பாட்ச் பார்க்கிற அண்ணன் ஒருத்தரு, இருபது வருஷத்துக்கு மேல அங்க இருக்காரு. கையில ஒரு குயர் நோட்டு. நான் முதல் நாள் அதைப் பார்த்துட்டு, "அண்ணே, இனிமே இது தேவையில்லை"ன்னேன். அவரு ஒண்ணும் சொல்லல. சிரிச்சாரு.

நாங்க வாங்கியிருந்த சாஃப்ட்வேர்ல லோடு பதியற ஸ்கிரீன்ல வண்டி நம்பர்னு ஒரு கட்டம். அதுக்குப் பக்கத்துல சிவப்பு ஸ்டார் போட்டு, நிரப்பாம அடுத்த பக்கம் போக முடியாதுன்னு வெச்சது நான்தான். வண்டி இல்லாம லோடு எப்படி இருக்கும்? என் லாஜிக் அவ்வளவுதான்.

ஆனா மில்லுல நடக்கிறது வேற. காலையில பதினோரு மணிக்கு நூல் ரெடி, இன்வாய்ஸ் ரெடி. திண்டுக்கல் புரோக்கருக்கு போன் போடுவாங்க. வண்டி சாயங்காலம் வரும். வந்த வண்டியிலேயே ஏத்திடுவாங்களான்னா, அதுவும் கிடையாது. அண்ணன் மேல ஏறிப் பார்ப்பாரு. போன லோடுல எண்ணெய் கொட்டி பலகையில கறை இருக்கா, தார்ப்பாய் கிழிஞ்சிருக்கா, ஆணி நீட்டிக்கிட்டு இருக்கா. இருந்தா, "வேற வண்டி அனுப்புங்க"ன்னு திருப்பிடுவாரு. நூல்ல கறை பட்டா வாங்குறவரு மொத்த மூட்டையும் திருப்பி அனுப்பிடுவாரு. அந்தக் குயர் நோட்டுல பாதிப் பக்கம் இதுதான்: எந்த வண்டியை எதுக்குத் திருப்பினோம்னு. எங்க சாஃப்ட்வேர்ல "வண்டியைத் திருப்பியாச்சு"ன்னு ஒரு நிலையே கிடையாது.

அப்ப பதினோரு மணிக்கு ஸ்டார் போட்ட கட்டத்துல ஆபீஸ் பையன் என்ன அடிப்பான்? நேத்து வந்த வண்டியோட நம்பரை அடிச்சான். சாயங்காலம் உண்மையான வண்டி வந்ததும் மாத்திக்கலாம்னு. நம்பர் நிஜமான நம்பர்ங்கிறதால எங்கேயும் எர்ரர் வராது. எங்க சிஸ்டம் அதை அப்படியே எடுத்து இ-வே பில்லுக்கு அனுப்பிடும். அந்த ஆட்டோமேஷனை நான் டெமோவுல ரொம்பப் பெருமையா காட்டினேன்.

இ-வே பில் தெரியாதவங்களுக்கு: 2018 ஏப்ரல் 1-லிருந்து மாநிலம் விட்டு மாநிலம் போற சரக்குக்குக் கட்டாயம். அதுல ரெண்டு பாகம். பார்ட் ஏ-ல சரக்கு விவரம், பார்ட் பி-ல வண்டி விவரம். பார்ட் ஏ மட்டும் போட்டு வெச்சுட்டு, 15 நாளுக்குள்ள பார்ட் பி போடலாம். பார்ட் பி முதல்முறை பதிஞ்ச நேரத்துலேருந்துதான் செல்லுபடி காலம் ஓடும். சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. அதாவது, சரக்கு முதல்ல தெரியும், வண்டி அப்புறம்தான் தெரியும்னு அரசாங்கப் படிவத்துக்கே தெரிஞ்சிருக்கு. நான்தான் ரெண்டையும் ஒரே ஸ்கிரீன்ல ஒட்டினேன்.

ஒரு நாள் இச்சல்கரஞ்சி லோடு. சாயங்காலம் வண்டி மாறுச்சு, பையன் லீவு, நம்பரை யாரும் மாத்தல. கிருஷ்ணகிரி தாண்டறதுக்குள்ள சோதனை. பேப்பர்ல ஒரு வண்டி, ரோட்டுல ஒரு வண்டி. நம்பர்ல ஒண்ணு ரெண்டு எழுத்து மட்டும் தப்பா இருந்தா, 2018 செப்டம்பர்ல வந்த சுற்றறிக்கைப்படி மொத்தம் 1,000 ரூபாய் அபராதத்தோட முடிஞ்சிடும். இது முழுசா வேற நம்பர். 129-ஆம் பிரிவுல போகும். 2022 ஜனவரியிலேருந்து அங்க அபராதம் வரியில 200 சதவீதம். கணக்குக்கு 10 டன் நூல், கிலோ 250 ரூபாய்னு வெச்சுக்கோங்க. சரக்கு 25 லட்சம், 5 சதவீதம் வரி 1.25 லட்சம், அபராதம் 2.5 லட்சம்.

பணத்தைக் கட்டி வண்டியை எடுக்கிற வரைக்கும் டிரைவர் ரெண்டு ராத்திரி கேபின்லயே படுத்திருந்தாரு. அவருக்கு ஹால்டிங் காசு கொடுக்கலாம்னா, எங்க சாஃப்ட்வேர்ல அதுக்கும் கட்டம் இல்லை. மில்லுல திட்டு வாங்கினது ஆபீஸ் பையன். நான் அந்த மீட்டிங்ல உட்கார்ந்திருந்தேன். ஸ்டார் என்னுதுன்னு சொல்ல எனக்குப் பத்து நிமிஷம் ஆச்சு.

அப்புறம் அண்ணன்கிட்ட நோட்டைக் கேட்டு வாங்கி மூணு நாள் படிச்சோம். லோடை ரெண்டா பிரிச்சோம். சரக்கு தயாரானா பார்ட் ஏ மட்டும். வண்டி நம்பரை ஆபீஸ்ல யாரும் அடிக்கக் கூடாது. எடைமேடையில காலி எடை போடும்போது, நம்பர் பிளேட்டை நேர்ல பார்க்கிற ஆளு அடிப்பாரு. லோடு ஏறி, மறுபடி எடை போட்டு, அண்ணன் சரின்னதும்தான் பார்ட் பி போகும். பார்சல் சர்வீஸ்ல பத்து மூட்டை அனுப்பினா, டிரான்ஸ்போர்ட்டர் ஐடி மட்டும் போட்டா போதும், வண்டி நம்பரை அவங்க போட்டுக்குவாங்க. அந்த ஸ்கிரீன்ல நம்பர் கட்டமே வராது. வழியில வண்டி பழுதாகி வேற வண்டிக்கு மாத்தினா, காரணத்தோட பார்ட் பி-யைத் திருத்த ஒரு பட்டன்.

இதைக் கேட்டுட்டு, கம்பெனி சொல்றதையெல்லாம் கோடு எழுதிக் கொடுக்கணும்னு நினைச்சுடாதீங்க. ஜெர்மனியில லிடில்னு பெரிய மளிகைச் சங்கிலி. 2011-ல எஸ்ஏபி சாஃப்ட்வேர் திட்டத்தை ஆரம்பிச்சு, 2018-ல கைவிட்டாங்க. செலவு சுமார் 50 கோடி யூரோன்னு செய்தி வந்துச்சு. அவங்க இருப்பை வாங்கின விலையில மதிப்பிடுவாங்க, சாஃப்ட்வேர் விற்பனை விலையில. பழக்கத்தை மாத்த மாட்டோம், சாஃப்ட்வேரை வளைங்கன்னது முக்கியமான காரணமாப் பேசப்பட்டுச்சு.

எங்க மில்லுலயும் அப்படி ஒண்ணு கேட்டாங்க. கேட் பாஸ் நாலு காப்பி, நாலு கையெழுத்து, அதை அப்படியே ஸ்கிரீன்ல வேணும்னாங்க. மூணாவது கையெழுத்து எதுக்குன்னு கேட்டேன், யாருக்கும் தெரியல. அந்த வேலையில இருந்தவரு ரிடையர் ஆகி ஆறு வருஷம் ஆச்சாம். அதை நாங்க செய்யல, மில்லுதான் மாறுச்சு. வண்டியைத் திருப்புறது எதுக்குன்னு கேட்டப்ப, அண்ணன் கறை பட்ட ஒரு கோனை மேஜைக்கு அடியிலேருந்து எடுத்து வெச்சாரு. ரெண்டுக்கும் வித்தியாசம் எனக்கு அங்கதான் புரிஞ்சுது.

நோட்டு இன்னும் அவருகிட்ட இருக்கு. திருப்பின வண்டி விவரம் இப்ப சிஸ்டத்துக்கு வந்துடுச்சு. ஆனா எந்த டிரைவருக்கு எந்த வழியில நல்ல சாப்பாட்டுக் கடை, யாரு வியாழக்கிழமை அய்யலூர் சந்தைக்குள்ள மாட்டிக்குவாரு, இதெல்லாம் நோட்டுலதான். கேட்டேன், "அதெல்லாம் உனக்கு எதுக்குப்பா"ன்னாரு.

ஹால்டிங் காசை எந்தக் கணக்குல போடறதுன்னு இன்னும் சண்டை ஓடுது, அதை அடுத்த எபிசோடுல பேசுவோம். உங்க கம்பெனியில ஸ்டார் போட்ட கட்டத்துல பொய்யா எதையாவது அடிக்கிறீங்கன்னா எழுதி அனுப்புங்க, பேரு சொல்லாம படிக்கிறேன்.