காபரேற்றர் மாற்றிய கதை

வழக்கமாக யூலை மாதத்தில் வரிப் படிவம், கழிவு, பற்றுச்சீட்டு என்று பேசி உங்களைக் களைக்கப் பண்ணுகிறவன் நான். இம்முறை நிலைய நண்பர்கள், "ஒருக்காலாவது கணக்கை விட்டுவிட்டு வேறை ஏதும் பேசுங்கோவன்" என்று கேட்டுக்கொண்டார்கள். ஆகவே என்னுடைய காரைப் பற்றிப் பேசப் போகிறேன். கணக்கு இதற்குள்ளும் வரும். மன்னித்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் 1969ஆம் ஆண்டு எம்.ஜி.பி ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருக்கிறது. எனக்கும் அதற்கும் ஒரே வயது. இரண்டு பேர் இருக்கலாம், கூரையை மடித்துவிடலாம், மழை வந்தால் நனையலாம். 1,798 சீ.சீ., நான்கு சிலிண்டர், புதிதாக இருந்தபோது 95 குதிரைவலு. இங்கிலாந்தில் அபிங்டன் என்ற ஊரில் 1962 முதல் 1980 வரை இந்த வகைக் காரைச் செய்தார்கள். 1963 முதல் 1972 வரை பாகங்களாகக் கப்பலில் கொண்டுவந்து இங்கே சிட்னியிலும் பூட்டினார்கள். என்னுடையது அப்படி இங்கே பூட்டியது. பழங்கார்ப் பதிவில் ஓடுகிறது. ஓடும் நாளை எல்லாம் குறிப்புப் புத்தகத்தில் எழுதவேண்டும், ஆண்டுக்கு 60 நாள்தான். புத்தகத்தில் பதிவது எனக்குப் பழகின வேலை என்பதால் அதில் கரைச்சல் இல்லை.

இதை வாங்கப் போன அன்று விற்பவர் பொனற்றைத் திறந்தார். எஞ்சினின் ஒரு பக்கத்தில், மணியைக் கவிழ்த்து வைத்த மாதிரி, அலுமினியத்தில் இரண்டு உருவங்கள் அருகருகே நின்றன. தலையில் கறுப்புத் திருகு மூடி. எனக்கு நெஞ்சு திக்கென்றது. இதில் ஒன்று எங்கள் அப்பாவின் மொறிஸ் மைனரில் இருந்தது. எஸ்.யூ. காபரேற்றர். அந்த இடத்திலேயே விலை பேசாமல் ஓம் என்று விட்டேன். கணக்காளன் செய்யக்கூடாத வேலை.

இளைய நேயர்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டும். இப்போதைய கார்களில் காபரேற்றர் கிடையாது, கணினி அளந்து பெற்றோலை ஊசிபோல் பீச்சுகிறது. அந்தக் காலத்தில் எஞ்சின் இழுக்கும் காற்றோடு பெற்றோலைச் சரியான அளவில் கலந்து கொடுத்தது காபரேற்றர்தான். எஸ்.யூ. என்பது ஸ்கின்னர்ஸ் யூனியன் என்பதன் சுருக்கம். சப்பாத்து வியாபாரக் குடும்பத்துச் சகோதரர்கள் தொடங்கியது, முதலில் செய்தவற்றில் தோலால் ஆன துருத்தி இருந்ததாம். 1926இல் மொறிஸ் அதை வாங்கிக்கொண்டார். அதனால்தான் மொறிஸ் கார்களிலும் எம்.ஜி. கார்களிலும் அதே மணி.

அந்த மணிக்குள் ஒரு பிஸ்ரன் இருக்கிறது. எஞ்சின் கூடக் காற்றை இழுத்தால் பிஸ்ரன் மேலே எழும்பும், காற்று வழி அகலும். பிஸ்ரனின் அடியில் நுனி சிறுத்துப் போகும் ஊசி ஒன்று. அது ஜெற் என்ற துளைக்குள் நிற்கும். ஊசி மேலே போகப் போகத் துளையில் இடைவெளி கூடும், பெற்றோல் கூட வரும். ஒரு ஊசி, ஒரு துளை, அவ்வளவுதான். மேலே உள்ள மூடியைத் திருகினால் ஒரு சின்னத் தண்டு வரும். அது எண்ணெயில் நிற்கவேண்டும். அந்த எண்ணெய்தான் பிஸ்ரனைத் துள்ளவிடாமல் பிடிக்கிறது. கலவையை மாற்ற அடியில் ஆறு முக நட்டு ஒன்று. கீழே இறக்கினால் பெற்றோல் கூடும், மேலே ஏற்றினால் குறையும். ஒரு முகம் என்றால் ஆறில் ஒரு சுற்று.

இந்த நட்டை நான் முதலில் பார்த்தது 1990இல். யூன் மாதம் சண்டை தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரவில்லை. மறந்திருக்கமாட்டீர்கள். நான் அப்போது பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்துக்கொண்டிருந்தேன். கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மருந்துப் போத்தலில் வைத்திருக்கும் கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எங்கள் ஒழுங்கைக்குப் பக்கத்தில் இருந்த மெக்கானிக் அண்ணை அப்பாவின் காருக்குக் கீழே குனிந்து அந்த நட்டைத் திருப்பி, "ஐயா, இன்னும் ஒரு முகம் இறக்கிப் பாப்பம்" என்பார். புகை கறுப்பாக வரும். ஆனால் கார் போகும், கர்ப்பிணிகளை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகும். 1995 ஒக்ரோபர் 30 இரவு ஊர் எழும்பியபோது அந்தக் காரைக் கொட்டிலில் விட்டுவிட்டு நடந்தோம். அடுத்த ஆண்டு திரும்பிப் போனபோது கொட்டில்தான் இருந்தது.

சரி, சிட்னிக்கு வருகிறேன். 2022இல் என் எம்.ஜி. வருத்தம் காட்டத் தொடங்கியது. சந்தி விளக்கில் நிற்கும்போது எஞ்சின் ஏறி இறங்கும். பிளக்கைக் கழற்றினால் கரி. 100 கிலோமீற்றருக்குப் பன்னிரண்டரை லீற்றர் குடித்தது. ஒவ்வொரு முறை பெற்றோல் அடிக்கும்போதும் நான் எழுதி வைக்கிறவன், ஆனபடியால் இது ஊகம் இல்லை. பழங்கார் வைத்திருக்கும் நண்பர்கள் எல்லாரும் ஒரே மருந்தைச் சொன்னார்கள்: "அந்த இரண்டையும் தூக்கி எறிஞ்சுபோட்டு வெபர் போடு."

வெபர் இத்தாலிக் காபரேற்றர். எடோர்டோ வெபர் என்பவர் பொலோஞா நகரில் 1923இல் தொடங்கியது. பியற் கார்களுக்கு மாற்றிப் பூட்டும் தொகுதியாகத்தான் முதலில் விற்றார். மாற்றிப் பூட்டும் ஆசைக்கு நூறு வயது ஆகிவிட்டது. எம்.ஜி.பிக்குப் பொதுவாக 45 டி.சீ.ஓ.ஈ என்பதைப் போடுவார்கள். படுத்துக்கிடக்கும் உடல், இரண்டு தொண்டை, பளபளவென்று இரண்டு காற்று வாய்கள். இதில் எழும்பும் பிஸ்ரன் இல்லை. தொண்டையின் அளவு மாறாது. மெதுவாக ஓட ஒரு ஜெற், வேகத்துக்கு ஒரு ஜெற், காற்றுக்கு ஒன்று, மிதித்தவுடன் பீச்ச ஒரு சின்னப் பம்ப் என்று எல்லாம் தனித்தனி. ஒவ்வொன்றையும் உங்கள் எஞ்சினுக்கு ஏற்றபடி வேறு அளவில் வாங்கிப் போட்டுப் பார்க்கவேண்டும். பந்தயக்காரருக்கு அது வரம். எனக்கு?

அன்று இரவு மனைவி ஒரு கேள்வி கேட்டார். "இஞ்சாருங்கோ, அந்தப் பழசிலை என்ன பிழை எண்டு ஆரும் பாத்தவையோ?" நான் பதில் சொல்லவில்லை. கேள்வி கேட்டது வீட்டில் என்பதால் அதன் பெறுமதி தெரியவில்லை.

வெபர், அதற்கான மனிபோல்ட், இணைப்புக் கம்பி எல்லாமாக 1,650 டொலர். ஒரு கராஜில் பூட்டிச் சரிசெய்யக் கூலி 640. காற்று வடிகட்டி உட்பக்கத் தகட்டோடு முட்டாமல் இருக்க அரைநாள் மல்லுக்கட்டினார்கள். வெளியே எடுத்தேன். அடி வரை மிதித்தால் சிங்கம் மாதிரி உறுமியது, பொய் சொல்லக்கூடாது. நெடுஞ்சாலையில் ஒரு பத்து நிமிடம் எனக்கு இருபத்தைந்து வயது. ஆனால் பறமற்றா வீதியில் எத்தனை தரம் அடி வரை மிதிக்கலாம்? பாதி மிதியில் தயங்கியது. விளக்கில் நின்றால் முன்போலவே ஏறி இறங்கியது. பெற்றோல் பதினாலரை லீற்றர்.

இதற்குப் பின்னால் ஒரு காரணம் இருந்தது, எனக்குப் பிறகுதான் விளங்கியது. இந்த எஞ்சினின் தலையில் நான்கு சிலிண்டருக்கும் காற்று போக இரண்டு வாசல்தான். முதலாவதும் இரண்டாவதும் ஒரு வாசல், மூன்றாவதும் நான்காவதும் ஒரு வாசல். எஞ்சின் வெடிக்கும் ஒழுங்கு 1, 3, 4, 2. அதாவது மூன்று குடித்துக் கொண்டிருக்கும்போதே நான்கு வந்துவிடும், இரண்டு குடிக்கும்போதே ஒன்று வந்துவிடும். ஒரு கிணற்றில் இரண்டு வாளி. வாசலை மாற்றாமல் வெளியே எவ்வளவு பெரிய குழாய் வைத்தாலும் ஓரளவுக்கு மேல் பயன் இல்லை. கம்சாவ்ற், வால்வு, தலை எல்லாம் மாற்றி ஓடுபவர்களுக்கு வெபர் நல்ல சாமான், நான் குறை சொல்லவில்லை. நான் மாற்றியது ஒன்றே ஒன்று.

பழைய எஸ்.யூ. இரண்டையும் விற்க விளம்பரம் போட்டேன். ஒரு முதியவர் வந்தார், எழுபது கடந்தவர், பழைய மெக்கானிக். விலையைக் கேட்கவில்லை. ஒன்றைக் கையில் எடுத்து, திரொட்டில் தகடு பூட்டியிருக்கும் அச்சைப் பெருவிரலால் மேலும் கீழும் ஆட்டினார். அது லொட லொடவென்று ஆடியது. "இதில் காற்று களவாய்ப் போயிருக்கிறது. கலவையை நீங்கள் எப்படித் திருத்தினாலும் நில்லாது" என்றார். பிறகு காரைக் காட்டச் சொன்னார். டிஸ்ரிபியூற்றரின் பக்கத்தில் உள்ள வட்டத் தகரப் பெட்டியின் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினார். காற்று தாராளமாக வந்தது. உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்திருக்கிறது. மெல்லமாக ஓடும்போது பொறியை முற்படுத்திக் கொடுப்பது அந்தச் சவ்வு. அது வேலை செய்யாவிட்டால் பெற்றோல் வீணாகும். "காபரேற்றர் பிழை என்று என்னிடம் வந்த கார்களில் அரைவாசிக்கு மேல் பிழை இந்தப் பக்கத்தில்தான்" என்றார். அதோடு, கராஜில் வெபர் பூட்டியபோது அந்தச் சவ்வுக்குப் போகும் குழாய்க்கு இணைப்பே வைக்காமல் வெறுமனே அடைத்துவிட்டிருந்தார்கள். பழைய காபரேற்றரில் அதற்கென்று ஒரு சின்ன முனை இருந்தது.

என் எஸ்.யூக்களை வாங்காமலே போனார். "நான் வாங்கினால் உங்களை ஏமாற்றின மாதிரி. திருத்தி நீங்களே போடுங்கள்."

நேயர்களே, எங்கள் படிப்பில் மூலதனச் செலவு, வருமானச் செலவு என்று இரண்டு இருக்கிறது. கூரை ஒழுகினால் ஓடு மாற்றுவது ஒன்று, மாடி கட்டுவது வேறொன்று. வாடிக்கையாளர்கள் ஓடு மாற்றியதை மாடி கட்டியதாக எழுதிக்கொண்டு வந்தால் நான் சிவப்புப் பேனையால் வெட்டுகிறவன். என்னுடைய காரில் நானே ஒழுக்குக்கு மாடி கட்டியிருக்கிறேன்.

வெபரை 1,100 டொலருக்கு விற்றேன். நட்டம் 1,190. இரண்டு எஸ்.யூக்கும் உடலைத் துளைத்துப் புது உறை போட்டு, புது அச்சு, புது ஜெற், புது ஊசி, மிதவை வால்வு எல்லாமாக 780. டிஸ்ரிபியூற்றரின் சவ்வுப் பெட்டி 95. ஆக 875. முதலிலேயே செய்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். இப்போது 100 கிலோமீற்றருக்குப் பத்தரை லீற்றர்.

பழங்கார் வைத்திருக்கும் நேயர்கள் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்து என்னைக் கேட்பதுண்டு. அவர்களுக்குச் சொல்வேன்: காபரேற்றரைத் தொடமுன் வால்வு இடைவெளி, பிளக், பொறி நேரம், அந்தச் சவ்வு. அதன் பிறகு, எஞ்சின் ஓடும்போது திரொட்டில் அச்சுகளின் நுனியில் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். ஓடும் சத்தம் மாறினால் அங்கே காற்று போகிறது. மணியின் மூடியைக் கழற்றி எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். என்னுடையதில் ஒன்று வறண்டு கிடந்தது. இன்னொரு விசயத்தை விளையாட்டாய் எடுக்கவேண்டாம். இந்தக் காரில் காபரேற்றருக்கு நேர் கீழே புகைக்குழாய் கொதித்துக்கொண்டிருக்கிறது. மிதவை இறுகிப் பெற்றோல் வழிந்தால் அதன்மேல்தான் விழும். இங்கே விற்கும் ஈ10 பெற்றோலில் உள்ள எதனோல் பழைய றப்பர்க் குழாய்களை அரிக்கும். குழாயைப் புதிதாக, அதற்கென்று செய்த வகையாகப் போடுங்கள். இருக்கைக்குப் பின்னால் ஒரு தீயணைப்பான் வையுங்கள். சின்னது போதும்.

திருத்திய காபரேற்றரைப் பூட்டிய நாளில் அந்த முதியவரே வந்தார். நட்டை மேலே இறுக்கிவிட்டு இரண்டு முழுச் சுற்று, அதாவது பன்னிரண்டு முகம், கீழே இறக்கித் தொடங்கச் சொன்னார். இரண்டு காபரேற்றரும் ஒரே அளவு காற்று இழுக்கின்றனவா என்று பார்க்க ஒரு றப்பர்க் குழாயைத் தந்தார். ஒரு நுனி காதில், மறு நுனி காபரேற்றர் வாயில். உஸ் என்ற சத்தம் இரண்டிலும் ஒன்றாக வரவேண்டும். பத்தொன்பது ஆண்டு ஒலிபரப்புக் கலையகத்தில் இருந்த காது. அது மட்டும் எனக்கு லேசாக வந்தது. பிறகு பிஸ்ரனை அடியில் இருக்கும் ஊசியால் ஒரு மயிரளவு தூக்கிப் பார்ப்பது. எஞ்சின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெற்றோல் கூட, நின்றுபோகப் பார்த்தால் குறைவு, கொஞ்சம் ஏறிப் பழையபடி அடங்கினால் சரி. முன்காபரேற்றர் சரியாக இருந்தது. பின்னது நின்றுபோகப் பார்த்தது.

நான் கீழே குனிந்து, நட்டில் ஸ்பானரை வைத்து, என்னையறியாமல் தமிழில் சொன்னேன், "இன்னும் ஒரு முகம் இறக்கிப் பாப்பம்." அவருக்கு மொழி விளங்கவில்லை. ஆனாலும் தலையாட்டினார்.