ஃபயர்வால் பெட்டி எழுந்திருக்காவிட்டால்

(நமது சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். நான் கம்ப்யூட்டர் இன்ஜினியர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். சாயங்காலம் கணக்கு டாலி ஆகவில்லை என்றால் எந்த வரிசையில் தேட வேண்டும் என்று எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அதே பழக்கத்தை வைத்துத்தான் இன்று பேசுகிறேன்.

நம் அலுவலக அறையில் அலமாரி மேல் இருக்கும் சின்னக் கறுப்புப் பெட்டிதான் ஃபயர்வால். வெளியிலிருந்து வரும் இன்டர்நெட் முதலில் அதற்குள் போய், அதன் பிறகுதான் கேட் கேமராக்களுக்கும் அலுவலகக் கம்ப்யூட்டருக்கும் பொது வைஃபைக்கும் போகிறது. யாரை உள்ளே விடலாம், யாரை விடக்கூடாது என்ற பட்டியல் அதனிடம் இருக்கிறது. அதாவது, அதுவும் ஒரு வாட்ச்மேன்.

கடந்த மழையில் ஓர் இரவு முழுக்கக் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. பைக்காராவில் 1932-லேயே மின்சாரம் எடுத்த மலை இது. ஆனாலும் காற்றடித்து ஒரு மரம் கம்பியில் சாய்ந்தால் நமக்கு இருட்டுதான். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த இரவுக்குப் பிறகு காலையில் பெட்டி எழுந்திருக்கவில்லை. உடனே வாட்ஸ்அப் குழுவில் இரண்டு யோசனைகள் வந்தன. ஒன்று, புதுப் பெட்டி வாங்கிவிடலாம். இன்னொன்று, பெட்டியை ஒதுக்கிவிட்டு இன்டர்நெட் கேபிளை நேராகக் கொடுத்துவிடலாம்.

இரண்டாவது யோசனையைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ஆபத்து அதில்தான் இருக்கிறது. 2016-இல் மிராய் என்று ஒரு வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது. அது பெரிய கம்ப்யூட்டர்களைத் தேடவில்லை. இன்டர்நெட்டில் நேராகத் திறந்து கிடந்த சிசிடிவி கேமராக்கள், ரெக்கார்டர் பெட்டிகள், ரவுட்டர்கள் இவற்றைத் தேடியது. கம்பெனி போட்டு அனுப்பிய பாஸ்வேர்டையே மாற்றாமல் வைத்திருந்தவை சுலபமாக மாட்டின. அதற்கு வேண்டிய சுமார் 60 பாஸ்வேர்டுகள் அந்த வைரஸிடமே இருந்தன. அப்படிப் பிடித்த கருவிகளை ஏவி, அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் போன்ற தளங்களைப் பல மணி நேரம் தடுமாற வைத்தார்கள். நம் கேட் கேமராவும் அதே இனம்தான். யார் எப்போது வெளியே போகிறார்கள், எந்த வீடு பூட்டியிருக்கிறது என்பதெல்லாம் அதில் தெரியும். இங்கே தனியாக இருக்கும் பெரியவர்கள் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியும். வாட்ச்மேன் லீவு என்பதற்காக கேட்டைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவோமா?

இன்டர்நெட் இல்லாவிட்டாலும் கேமரா தன் ரெக்கார்டரில் பதிவு செய்துகொண்டுதான் இருக்கும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் போனில் பார்க்க முடியாது, அவ்வளவுதான். அலுவலக வேலைக்கு மொபைல் ஹாட்ஸ்பாட் போதும். இரண்டு நாள் பொறுக்கலாம்.

இப்போது பெட்டிக்கு வருவோம். எந்த வரிசையில் பார்ப்பது?

முதலில், விளக்கு எரிகிறதா? ஒரு விளக்கும் எரியவில்லை என்றால் பெட்டியைச் சந்தேகிக்கும் முன் பிளக் பாயின்டைப் பாருங்கள். அதே பாயின்டில் ஒரு டேபிள் லாம்ப்பைச் செருகிப் பாருங்கள். யுபிஎஸ் பேட்டரி செத்திருக்கலாம், சுவிட்ச் அணைந்திருக்கலாம்.

இரண்டாவது, அடாப்டர். விளக்கு மின்னி மின்னி அணைகிறது, ஃபேன் ஒரு சுற்று சுற்றி நிற்கிறது, மறுபடி அதே கதை என்றால் பெரும்பாலும் அடாப்டர் பலமிழந்துவிட்டது என்று அர்த்தம். மீட்டர் வைத்துப் பார்த்தால் 12 வோல்ட் சரியாகக் காட்டும். பெட்டியின் பாரம் ஏறியதும் இறங்கிவிடும். மாற்று அடாப்டர் வாங்கும்போது வோல்ட் அதே அளவாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், குறையக் கூடாது. பின்னின் பிளஸ், மைனஸ் பக்கமும் ஒத்துப்போக வேண்டும்.

மூன்றாவது, பவர் கேபிளைத் தவிர எல்லாக் கேபிளையும் கழற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள். பத்து நிமிடமாவது விடுங்கள். சில பெட்டிகள் எழுந்திருக்க நேரமாகும். அவசரப்பட்டு அணைத்து அணைத்துப் போட்டால் உள்ளே இருக்கும் ஃபைல்கள் கெட்டுப்போகும்.

நான்காவது, விளக்கு எரிந்தும் வேலை செய்யவில்லை என்றால் சர்வீஸ் ஆளை அழைத்து, கன்சோல் கேபிள் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பெட்டி எங்கே நின்றுபோனது என்று அதுவே திரையில் எழுதிக் காட்டும். ஸ்டோரேஜ் கிடைக்கவில்லை என்று எழுதினால் அதை மாற்றிப் பார்க்கலாம். எதுவுமே எழுதவில்லை என்றால் போர்டு போயிருக்கலாம்.

ரீசெட் பட்டனை மட்டும் யாரும் குண்டூசியால் குத்த வேண்டாம். பல பெட்டிகளில் அது அந்த வாட்ச்மேன் பட்டியலையே அழித்துவிடும். நம் ஊர் பனிமூட்டத்தில் ஈரம் கோத்திருக்கும் என்று தோன்றினால் பவரைப் பிடுங்கிவிட்டு, காய்ந்த அறையில் ஒரு நாள் வையுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம்.

எல்லாம் பார்த்த பிறகும் எழவில்லை என்றால் பெட்டி உண்மையிலேயே போய்விட்டது. அப்படியும் நடக்கும். 2017 பிப்ரவரியில் சிஸ்கோ நிறுவனம் தன் சில ஃபயர்வால்களைப் பற்றி ஓர் அறிவிப்பு விட்டது. உள்ளே கடிகாரத் துடிப்பு கொடுக்கும் ஒரு பாகம், சுமார் 18 மாதம் ஓடிய பிறகு பழுதாகத் தொடங்கலாம், பழுதானால் பெட்டி மறுபடி பூட் ஆகாது, மீட்கவும் முடியாது என்று சொன்னது. இன்டெல்லின் ஆட்டம் சி2000 சிப்பிலும் இதே மாதிரிக் குறை வெளிவந்தது. வாரன்டியிலோ சர்வீஸ் ஒப்பந்தத்திலோ இருந்த பெட்டிகளுக்கு சிஸ்கோ மாற்றுப் பெட்டி கொடுத்தது. எனவே பில்லும் ஒப்பந்தக் காகிதமும் வைத்திருந்தவர்களுக்குப் பணம் மிச்சம்.

நம் பெட்டி விஷயத்தில் இரண்டாவது படியிலேயே விடை கிடைத்தது. அடாப்டர்தான். புதுப் பெட்டிக்கு வந்த கொட்டேஷன் ஐந்து இலக்கம். அடாப்டர் நான்கு இலக்கத்தைக்கூடத் தொடவில்லை. மிச்சப்பட்டது நீங்கள் மாதாமாதம் கட்டும் பராமரிப்புப் பணம்.

ஆனால் அன்று பெட்டியே போயிருந்தால்? அதன் பட்டியலுக்கு நம்மிடம் நகல் இல்லை. பழைய வென்டார் ஊரை விட்டே போய்விட்டார். எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டியிருந்திருக்கும். வங்கியில் ஸ்ட்ராங் ரூமுக்கு டூப்ளிகேட் சாவி உண்டு. அதை அதே கிளையில் வைக்க மாட்டார்கள், உறையிலிட்டு சீல் வைத்து வேறு கிளையில் ஒப்படைப்பார்கள். நமக்கும் அதுதான் வழி.

ஆகவே கமிட்டியின் முன் நான்கு கோரிக்கைகள் வைக்கிறேன். ஒன்று, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பெட்டியின் செட்டிங் நகலை எடுத்து, பென்டிரைவில் அலுவலகத்துக்கு வெளியே ஒரு பொறுப்பாளரிடம் வைக்க வேண்டும். இரண்டு, பாஸ்வேர்டை சீல் வைத்த உறையில் தலைவரிடமும் செயலாளரிடமும் கொடுக்க வேண்டும். ஒருவர் ஊரில் இல்லாவிட்டாலும் இன்னொருவர் இருப்பார். மூன்று, உபரி அடாப்டர் ஒன்று வாங்கி, பில், வாரன்டி கார்டு, சீரியல் நம்பருடன் ஒரே ஃபைலில் சேர்த்து வைக்க வேண்டும். நான்கு, யுபிஎஸ் பேட்டரியை மழைக்காலத்துக்கு முன், மே மாதமே சோதிக்க வேண்டும்.

அடுத்த மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. இன்றே தீர்மானம் போட்டால் இந்த மாதத்துக்குள் முடித்துவிடலாம். உறையை ஒட்டி சீல் வைக்கும் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன், பழகிய கைதான்.