ஆற்றங்கரை ஊரும் அதன் சேரியும்



1978 ஜூலையில் விழுப்புரம் நகரில் தலித் மக்கள் 12 பேர் படுகொலை செய்யப்பட்டனர். அவர்களை நினைவுகூரும் இந்த மேடையில் ஓர் ஆற்றங்கரை ஊரைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். ஓர் ஊர் யாரை நினைவில் வைத்துக்கொள்கிறது, யாரை விட்டுவிடுகிறது என்பதே எங்கள் கேள்வி.

விழுப்புரத்திலிருந்து காட்பாடி ரயிலில் போனால் திருக்கோவிலூர் நிலையம் வரும். நிலையம் இருப்பது தென்பெண்ணையின் வடகரையில், அரகண்டநல்லூரில். திருக்கோவிலூர் தென்கரையில். 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரிந்தபோது வடகரை விழுப்புரத்தோடு நின்றது, தென்கரை அங்கே போனது.

மலையமான்கள் ஆண்ட பூமி இது. ஆற்றுக்குள் நிற்கும் பாறையைக் கபிலர் குன்று என்கிறார்கள். பாரியின் மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்தார் என்று இவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு சொல்கிறது. ஒரு புலவரின் சாவை ஆயிரம் ஆண்டாக ஊர் மறக்கவில்லை. நல்லது.

அதே இராசராசனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஊர்களில் வரி நீக்கிய நிலங்களைக் கணக்கிடும்போது ஊர்நத்தம், பறைச்சேரி, சுடுகாடு, பறைச்சுடுகாடு என்று தனித்தனியே எழுதியிருக்கிறது. வாழவும் தனி இடம், எரிக்கவும் தனி இடம். சோழர் காலத்தைப் பொற்காலம் என்று படித்துத் தேர்வெழுதியவர்கள்தான் நாம். இந்த வரியை எந்த வாத்தியாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை.

பாடப்புத்தகத்தில் புவியியல் என்றால் மலை, ஆறு, மண். நமக்கு அது மேடும் பள்ளமும். 2024 டிசம்பர் 2 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில், சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அரசூரில் நெடுஞ்சாலையே மூழ்கியது. திருவெண்ணெய்நல்லூர் வட்டாரத்தில் வீடுகளுக்குள் ஆறு புகுந்தது. வெள்ளத்துக்குச் சாதி தெரியாது என்பார்கள். தண்ணீருக்குத் தெரியாதுதான். யாருக்கு மேட்டு மனை, யாருக்குப் பள்ளத்து மனை என்று பங்கு போட்டவர்களுக்குத் தெரியும். வெள்ளம் வடிந்தபின் கெட்டி வீட்டுக்காரர் சேற்றைக் கழுவுகிறார். மண்சுவர் வீட்டுக்காரர் சுவரைத் தேடுகிறார்.

ஆகவே மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். உங்கள் ஊருக்கு நீங்களே ஒரு வரைபடம் போடுங்கள். வெள்ளம் எந்தத் தெருவில் எத்தனை அடி நின்றது? சுடுகாட்டுக்குப் போகும் பாதை யாருடைய நிலத்தின் வழியாகப் போகிறது? 1892 ஆணையின்படி ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் உண்டா, எந்தப் புல எண், இன்று அதில் பயிர் வைப்பவர் யார்? கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடு இருக்கிறது. கேளுங்கள். தரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். பதிவேட்டில் இல்லாததை நம் பாட்டிமாரிடம் கேளுங்கள். 1978இல் இளைஞராக இருந்தவர்களுக்கு இன்று எழுபது வயதாகிறது. காலம் அதிகமில்லை.

விழுப்புரம் மாணவர்கள் போடும் வரைபடத்தில் அந்த 12 பேர் நடந்த தெருக்களையும் குறியுங்கள்.

ஜெய்பீம்.